இமை பாதியிலேயே நின்றுவிடுகிறதா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

எழுத்து மேய்ப்பவன்

பிழை திருத்தும் வேலை. நாள் முழுக்கத் திரையில் எழுத்து மேய்வதுதான் பிழைப்பு. சாயங்காலம் ஆனால் கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்தும், கூடவே தாரை தாரையாகத் தண்ணீர். அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டு "உங்களுக்குக் கண் உலர்வு" என்று டாக்டர் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. மேற்பரப்பு காய்ந்து எரிச்சல் எடுத்தால் கண் அவசரத்துக்கு நீரைக் கொட்டுமாம். அது வழிந்து ஓடுமே தவிர, கண்ணில் தங்காதாம். சொட்டு மருந்து கொடுத்தார். போட்ட கொஞ்ச நேரம் சுகம், அப்புறம் பழைய கதை.

விஷயம் பிடிபட்டது இன்னொரு மருத்துவரிடம். சாயம் தோய்த்த காகிதப் பட்டையைக் கீழிமைக்குள் லேசாகத் தொட்டுவிட்டு, நீல விளக்கில் பார்த்தார். கருவிழியின் அடிப்பக்கத்தில் மட்டும் பச்சைப் புள்ளிகள் குறுக்கே பட்டையாக நின்றன. மேல்பாதி சுத்தம். "உங்கள் மேலிமை கீழே வந்து தொடுவதில்லை. அது வந்து சேராத இடம்தான் இது" என்றார். வீட்டில் யாரையாவது விட்டு, நான் வேலையில் மூழ்கியிருக்கும்போது மெதுவோட்டத்தில் வீடியோ எடுக்கச் சொன்னார்.

தங்கை எடுத்தாள். பார்த்தால் எனக்கே நம்ப முடியவில்லை. இமை இறங்குகிறது, கருவிழியில் பாதியைத் தாண்டுகிறது, ஏதோ மறந்துபோனது போல அங்கிருந்தே திரும்பி மேலே போய்விடுகிறது. அடியில் விழி கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டு அப்படியே திறந்து கிடக்கிறது. சில இமைப்புகள் வெறும் துடிப்பு, அவ்வளவுதான். அதே வீடியோவின் கடைசியில் "என்ன, எடுத்துட்டியா?" என்று அவளைத் திரும்பிப் பார்க்கிறேன். அந்த நொடியில் இமை ஒழுங்காக முழுசாக மூடுகிறது!

உங்களில் யாருக்காவது இப்படி உண்டா? எப்படிச் சரி செய்தீர்கள்?

நீலவிளக்கு

மேலே சொன்ன பச்சைப் புள்ளிகளைத் தினமும் பார்க்கிற வேலை எனக்கு. கண் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். இதில் ஒரு சங்கடம் உண்டு. "இமையுங்கள், பார்க்கலாம்" என்று சொன்னால் எல்லாருமே அழகாக இமைப்பார்கள். அதனால் நான் கேட்பதே இல்லை. மருந்துச் சீட்டைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் கவனிப்பேன். அப்போதுதான் நிஜம் தெரியும்.

இமைப்பு என்பது நீரைப் பூசுவது மட்டுமல்ல. இமை ஓரத்தில், முடி வரிசைக்குப் பின்னால், எண்ணெய்ச் சுரப்பிகள் வரிசையாக இருக்கின்றன. மேலிமையில் ஏறக்குறைய 25 முதல் 40, கீழிமையில் 20 முதல் 30. 1666-லேயே மைபோம் என்ற ஜெர்மன் மருத்துவர் இவற்றை விவரித்து எழுதியதால் மைபோமியன் சுரப்பி என்று பெயர். இரண்டு இமையும் வந்து தொட்டு அழுந்தும்போதுதான் அந்த எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து கண்ணீர்ப் படலத்தின் மேல் மூடியாகப் பரவும். அந்த மூடி இல்லையென்றால் நீர் ஆவியாகிவிடும். இமை தொடாமலே திரும்பினால் எண்ணெய் உள்ளேயே தேங்கிக் கெட்டிப்படும். நல்ல சுரப்பியை அழுத்தினால் தெளிந்த எண்ணெய் வரும். நாள்பட அடைத்ததை அழுத்தினால் பற்பசை மாதிரி வெள்ளையாக வரும், சிலருக்கு அதுவும் வராது. அப்படியே விட்டால் சுரப்பிகள் சுருங்கிப் போகும். போனது திரும்பி வளர்வது கஷ்டம்.

பேசிக்கொண்டிருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு 15, 20 தடவை இமைப்பார். திரையைப் பார்க்க உட்கார்ந்தால் இது பாதிக்கும் கீழே போய்விடும் என்று எல்லாரும் சொல்வார்கள், சரிதான். ஆனால் எண்ணிக்கையை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. நிறைய தடவை இமைத்து அத்தனையும் அரைகுறையாக இருந்தால் என்ன பிரயோசனம்? இன்னொன்று, நடுநடுவே சில அரை இமைப்புகள் எல்லாருக்கும் உண்டு. வீடியோவில் ஒன்றிரண்டைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள்.

பயிற்சி எளிதுதான். இறுக்காமல் கண்ணை மூடி இரண்டு விநாடி நிறுத்துங்கள். திறங்கள். மறுபடி மூடி இரண்டு விநாடி. அப்படியே மூடியபடி இமைகளை லேசாக ஒன்றோடொன்று அழுத்தி இன்னும் இரண்டு விநாடி, அப்புறம் திறந்து விடுங்கள். ஏறக்குறைய 20 நிமிடத்துக்கு ஒருமுறை செய்யலாம். ஆரம்பத்தில் விரலைக் கண்ணின் வெளிமூலையில் வைத்துக்கொள்ளுங்கள். நெற்றிப்பொட்டுப் பக்கம் சதை இழுபட்டால் நீங்கள் முகத்தைச் சுளிக்கிறீர்கள், இமைக்கவில்லை.

லென்ஸ் பிரியை

எனக்குக் கதை வேறு. கண்ணுக்குள் வைக்கிற கெட்டி கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவள். மேலிமை ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் லென்ஸ் விளிம்பில் இடறும். அந்தச் சின்ன இடறலைத் தவிர்க்க இமை தானாகவே பாதியில் திரும்பக் கற்றுக்கொண்டுவிட்டது. எனக்குத் தெரியவே தெரியாது. கருவிழிக்கு இரண்டு பக்கமும் வெள்ளையில் எப்போதும் ஒரு சிவப்பு இருக்கும். தூக்கம் போதவில்லை என்று வீட்டில் திட்டு வாங்கியதுதான் மிச்சம். லென்ஸ் பரிசோதகர் பார்த்தவுடன் "கடிகாரத்தில் மூன்று, ஒன்பது இருக்கிற இடம்" என்றார். அந்தச் சிவப்புக்கு அப்படித்தான் பெயராம்.

லென்ஸின் விளிம்பு அளவை மாற்றித் தந்தார். அப்புறம்தான் நீலவிளக்கு சார் சொன்ன பயிற்சி பலன் தந்தது. அதற்கு முன்னால் எவ்வளவு செய்தும் வீண். இடறுகிற பொருள் கண்ணிலேயே இருக்கும்போது இமை எப்படிப் பழகும்?

ஒரு சின்ன விஷயம், பெரிய நிம்மதி: திரையைக் கண் மட்டத்துக்குக் கீழே இறக்கினேன். கீழ்ப்பார்வையில் இமை தானாகவே பாதி இறங்கியிருப்பதால் காய்கிற பரப்பும் குறைவு, மூட வேண்டிய தூரமும் குறைவு. திரையை உயரத்தில் வைத்து அண்ணாந்து பார்ப்பவர்கள் முதலில் இதைச் செய்யுங்கள்.

மூத்தவள்

பயிற்சி, பழக்கம் என்று பேசுகிற இடத்தில் இதையும் யாராவது சொல்லியாக வேண்டும். அம்மாவுக்கு ஒரு நாள் காலையில் வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது, அந்தப் பக்கக் கண்ணும் மூடவில்லை. பக்கவாதம் என்று பதறி ஓடினோம். ஓடியதுதான் சரி என்றார்கள், அதை வீட்டில் இருந்தபடி யாரும் முடிவு செய்ய முடியாது. பரிசோதித்துவிட்டு முகநரம்பு வாதம் என்றார்கள். இமையை மூடும் தசைக்குப் போகிற நரம்பே அதுதான். ஸ்டீராய்டு மாத்திரையை முதல் மூன்று நாளுக்குள் ஆரம்பித்தால் நல்லது என்று உடனே கொடுத்தார்கள்.

மூடச் சொன்னால் அம்மாவின் விழி மேலே உருண்டு போகும், வெள்ளை மட்டும் தெரியும். பார்க்கவே பயமாக இருக்கும். ஆனால் கருவிழி மேலே ஒதுங்குவது ஒரு பாதுகாப்புதானாம். பகலில் சொட்டு மருந்து, ராத்திரி களிம்பு போட்டு இமையை டேப்பால் ஒட்டுவது. இந்த டேப்தான் பெரிய வேலை. களிம்பு தோலில் பட்டிருந்தால் ஒட்டாது, துடைத்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். இமை முழுசாக மூடியிருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து ஒட்ட வேண்டும். டேப்புக்கு அடியில் கண் திறந்துகொண்டால் டேப்பே கருவிழியை உரசிவிடும்.

மாதக்கணக்கில் ஆகி, முகம் நேரானது. ஆனால் இமைப்பு இன்னும் அந்தப் பக்கம் அரைக்கணம் பிந்தித்தான் வருகிறது. வாயைக் குவித்தால் அந்தக் கண் சுருங்குகிறது. நரம்பு திரும்ப வளரும்போது இழை மாறிப் போவதால் இப்படி ஆகுமாம். நரம்பு சரியே ஆகாதவர்களுக்கு மேலிமைக்குள் சின்னத் தங்க எடையோ பிளாட்டின எடையோ வைத்துத் தைப்பார்கள், அந்தக் கனத்தில் இமை இறங்கும். தைராய்டு கோளாறில் கண் முன்தள்ளியவர்களுக்கும், இமை அறுவை சிகிச்சையில் தோலை அதிகம் எடுத்துவிட்டவர்களுக்கும் முழுசாக மூட வராது. பார்க்கின்சன் நோயில் இமைப்பே குறைந்துவிடும். இவர்களிடம் "நல்லா இமைச்சுப் பழகு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள்.

எழுத்து மேய்ப்பவன்

நன்றி அக்கா. என் பங்குக்கு ஒன்று. அலாரம் வைத்துப் பயிற்சி செய்வது எனக்கு ஒத்துவரவில்லை, எரிச்சலில் அணைத்துவிடுவேன். ஒரு பக்கம் திருத்தி முடித்துக் கோப்பைச் சேமிக்கும்போதெல்லாம் கண்ணை மூடித் திறப்பது என்று வைத்துக்கொண்டேன். அது நிலைத்துவிட்டது. ராத்திரி பத்து நிமிடம் வெதுவெதுப்பான ஒத்தடம். பொறுக்கிற சூடு போதும். சொட்டு மருந்தை, கெடாமல் இருக்கச் சேர்க்கிற பாதுகாப்புப் பொருள் இல்லாததாக மாற்றினார் டாக்டர். நான் போடுகிற தடவைக்கு அந்தப் பொருளே கண்ணை உறுத்தும் என்றார். சாயங்கால உறுத்தல் அறவே போகவில்லை, ஆனால் வேலையை நிறுத்த வைக்கிற அளவுக்கு இல்லை.

இரவுப் பறவை

எனக்குச் சாயங்காலம் ஒன்றுமில்லை. காலையில் எழும்போதுதான் கண் எரிந்து ஒட்டிக்கொண்டு வருகிறது. பகல் போகப் போகச் சரியாகிவிடும். இதுவும் அரை இமைப்பா?

நீலவிளக்கு

காலையில் மோசம் என்றால் தூக்கத்தில் இமை சரியாக மூடுகிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டில் யாரையாவது நீங்கள் தூங்கும்போது கவனிக்கச் சொல்லுங்கள். மூடியது போலத் தெரிந்தும் மயிரிழை இடைவெளி இருக்கலாம். நாங்கள் மூடிய மேலிமை மேல் சின்ன விளக்கை வைத்து, இமைகளுக்கு நடுவே வெளிச்சம் கசிகிறதா என்று பார்ப்போம். கசிந்தால் படுக்கும் முன் களிம்பு போட்டாலே பாதித் தொல்லை குறையும். மின்விசிறி, ஏசி காற்று முகத்தில் நேரே படாமல் திருப்பி வையுங்கள். குறட்டை உண்டா? மேலிமை தொளதொளத்துத் தூக்கத்தில் பிரண்டுகொள்பவர்களில் பலருக்குத் தூக்கத்தில் மூச்சுத் தடையும் இருக்கும், அதனால் கேட்கிறேன். திடீரென்று வலி, வெளிச்சம் பார்க்கக் கூசுதல், பார்வை மங்கல் வந்தால் காத்திருக்க வேண்டாம், அன்றே காட்டுங்கள்.

இரவுப் பறவை

குறட்டையா என்று வீட்டில் கேட்டேன். பதிலுக்கு ஒரு ஒலிப்பதிவே வந்தது. டாக்டரிடம் இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.