கட்டிடக்கலைக் கல்லூரி வடிவமைப்பு: வடக்கு வெளிச்சம் குறித்து உதவி தேவை

வணக்கம். ஐந்தாம் ஆண்டு ஆய்வுத் திட்டத்துக்காகச் சேர்வராயன் மலை அடிவாரத்தில் ஒரு கட்டிடக்கலைக் கல்லூரியை வடிவமைத்து வருகிறேன். பாலகிருஷ்ண தோஷி 1960களில் அகமதாபாத்தில் வடிவமைத்த கட்டிடக்கலைப் பள்ளியே என் முன்மாதிரி. பூசப்படாத செங்கல் சுவர்களுக்கிடையே, வடக்கு நோக்கிய மேற்சாளரங்கள் வழியாக வரைமேசைகள்மீது கூசாத வெளிச்சம் இறங்குவதும், மாணவர்கள் பிறர் வேலையைப் பார்த்தபடியே நடந்து செல்வதும்தான் அங்கே பாதிப் பாடம் என்பது என் எண்ணம்.

சிக்கல் சேலத்தில்தான். அகமதாபாத் கடக ரேகையை ஒட்டியிருப்பதால், அங்கே உச்சிவெயில் வடக்குப் பக்கமிருந்து விழுவது அரிது. நாமோ ஏறத்தாழ 11.6 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் பிற்பகுதி முதல் ஆகஸ்ட் வரை உச்சிவெயில் வடக்குப் பக்கமிருந்தே விழுகிறது. மே மாதம் என் அட்டை மாதிரியை மொட்டைமாடியில் வைத்துப் பார்த்தபோது, நண்பகலில் வரைமேசைகள்மீது வெயில் பட்டைபட்டையாகக் கிடந்தது.

இப்பகுதியில் வடக்குச் சாளரம் அமைத்தவர்கள், வெயில் மறைப்பை எவ்வளவு நீட்டினீர்கள் என்பதைத் தெரிவித்து உதவ வேண்டுகிறேன். வெட்டுத்தோற்ற வரைபடம் கிடைத்தால் இன்னும் நல்லது.