புதுப்பிப்பு: மஞ்சக்குப்பம் வீட்டுத் திருட்டு, காப்பீட்டுப் பணம் வந்துவிட்டது

வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி. புதிதாகப் படிப்பவர்களுக்கு: கல்யாணத்துக்காக வெளியூர் போயிருந்தபோது கடலூர் வீட்டின் பின்கதவை நெம்பி நகையும் லேப்டாப்பும் எடுத்துப் போய்விட்டார்கள். நகைக்கு ரசீது இல்லை, பணம் கிடைக்குமா என்று கேட்டிருந்தேன்.

கைகொடுத்தது நெல்லிக்குப்பம் அண்ணன் சொன்ன யோசனைதான். முன்பு அதே நகைகளைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்த சீட்டைத் தேடச் சொன்னார். அம்மாவின் பீரோவில், பழைய ரேஷன் கார்டுக்குள் மடிந்து கிடந்தது. 'ஆரம் 1, வளையல் 2' என்று கிராம் கணக்கோடு எழுதியிருந்தது. நஷ்டத்தை மதிப்பிடக் காப்பீட்டுக் கம்பெனி அனுப்பிய சர்வேயர் அதையும் கல்யாண போட்டோக்களையும் ஏற்றுக்கொண்டார். உடைந்த தாழ்ப்பாளை மாற்றாமல் வைத்திருந்ததும் நல்லதாயிற்று. நெம்பிய தடத்தை நாலு கோணத்தில் படம் எடுத்தார்.

எஃப்.ஐ.ஆர். நகல் ஸ்டேஷனில் இலவசமாகவே கிடைத்தது. திருடன் அகப்படவில்லை என்ற சான்றுக்குத்தான் மாதக்கணக்கில் அலைச்சல். அது வரும்வரை ஃபைல் நகரவே இல்லை.

எதிர்பாராதது ஒன்று. வீட்டுப் பொருள்களின் மதிப்பு 8 லட்சம் என்று சர்வேயர் கணக்கிட்டார்; நான் பாலிசி எடுத்தது 6 லட்சத்துக்கு. அதனால் நஷ்டத்திலும் முக்கால் பங்குதானாம்! 2,40,000 ரூபாய்க்கு 1,80,000 வந்தது. பிரீமியத்தில் மிச்சம் பிடித்த புத்திசாலி நான்தான்.

அப்புறம், நகை பிற்பாடு கிடைத்தால் கம்பெனிக்குத்தான் சேரும் என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.