நீர் புகுந்த காலப்பேழை: உள்ளிருந்த கடிதங்களையும் புகைப்படங்களையும் எவ்வாறு காப்பாற்றுவது?

கேள்வி (வெள்ளவத்தையிலிருந்து)
எங்கள் பாடசாலை வளாகத்தில் 1972 இல் புதைக்கப்பட்ட காலப்பேழையை (பிற்காலத்தவர் திறந்து பார்ப்பதற்காகப் பொருட்களை இட்டுப் புதைக்கும் பெட்டி), புதிய கட்டடத்துக்கு அத்திவாரம் வெட்டும்போது நேற்று மாலை வெளியே எடுத்தோம். தகரப் பெட்டி துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தபடியால் உள்ளே நீர் புகுந்துள்ளது. மாணவர்கள் ஊற்றுப்பேனையால் எழுதிய கடிதக் கட்டு, ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள், ஒரு வீரகேசரி நாளிதழ், சில சில்லறை நாணயங்கள் ஆகியன இருந்தன. எல்லாம் இன்னும் ஈரமாகவே உள்ளன. வெயிலில் விரித்து உலர்த்தலாம் என்று சங்கத்தில் சிலர் கூறுகின்றனர். அது சரியா?

மறுமொழி 1
தயவுசெய்து வெயிலில் விரிக்க வேண்டாம். தாள் சுருங்கி நெளிவதோடு மையும் வெளிறிவிடும். ஈரத்தாளில் ஏறக்குறைய 48 மணி நேரத்துக்குள் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால், கடிதக் கட்டைப் பிரிக்க முயலாமல், நாளிதழையும் சேர்த்துத் தனித்தனியே மெழுகுத்தாளில் சுற்றி, பொலித்தீன் பைகளில் இட்டு, -18 பாகை செல்சியஸ் அல்லது அதற்கும் குறைந்த குளிருள்ள ஃபிரீசரில் இன்றே வையுங்கள். உறைநிலை பூஞ்சணத்தைக் கொல்லாது. ஆனாலும் அதன் வளர்ச்சியையும் மை பரவுவதையும் நிறுத்தி, நிதானமாக முடிவெடுக்க உங்களுக்கு அவகாசம் தரும்.

புகைப்படங்களின் நிலை வேறு. அவற்றின் மேற்பூச்சு ஜெலற்றின் ஆகையால், ஒட்டியபடியே உலர்ந்தால் பசைபோல இறுகிவிடும். சுத்தமான குளிர்ந்த நீரில் சிறிது நேரம் ஊறவிட்டு, தாமாக விலகுபவற்றை மட்டும் பிரித்து, படப்பக்கம் மேலே இருக்குமாறு ஒற்றுத்தாளின்மீது நிழலில் உலர்த்துங்கள். பின்பக்கத்தில் மையால் பெயர்கள் எழுதப்பட்டிருந்தால் நீரில் இடுமுன் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். அந்த மை கரைந்துவிடக்கூடும்.

கேட்டவர்
மிக்க நன்றி ஐயா. ஃபிரீசருக்கு ஏற்பாடு செய்துவிட்டோம். நாணயங்களில் பச்சை பூத்திருக்கிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா?

மறுமொழி 2
வேண்டாம். புளியிலுள்ள அமிலம் பச்சைக் களிம்போடு நாணயத்தின் மேற்பரப்பையும் அரித்துவிடும். அக்காலத்து ஐந்து சதமும் பத்து சதமும் நிக்கல் பித்தளை என்பதால் அவற்றிலுள்ள செம்பே பச்சையாகப் பூக்கிறது. ஒரு சதமும் இரண்டு சதமும் அலுமினியம், அவற்றில் வெண்பொடி படியும். காய்ச்சி வடித்த நீரில் அலசி, நன்றாக உலர்த்தி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் இட்ட மூடிய பெட்டியில், தாள்களிலிருந்து விலக்கி வையுங்கள்.

உறைந்த தாள்களை நீங்களாக உருகவிடாமல், கொழும்பு 7 இலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தின் ஆவணப் பாதுகாப்புப் பிரிவில் ஆலோசனை கேளுங்கள். செலவைக் கருதி ஒன்றைத்தான் தெரிவுசெய்ய வேண்டுமென்றால் கடிதங்களுக்கே முதலிடம் கொடுங்கள். நாளிதழின் வேறு பிரதியை அங்கேயே தேடிப் பார்க்கலாம், மாணவர்களின் கடிதங்களுக்கு வேறு பிரதி கிடையாது.