காட்டுப் பாதையில் கணுக்கால் பிசகினால் மீட்புக் குழுவை எப்போது அழைப்பது?

கேள்வி:
ஆள் நடமாட்டமில்லாத பாதையில் ஒருவருக்குக் கணுக்கால் பிசகிவிட்டால், தாங்கிப் பிடித்து இறக்குவதா, உதவி கேட்பதா? எதை வைத்து முடிவெடுப்பது?

பதில் 1:
நான்கு காலடி எடுத்து வைத்து நடக்க முடிகிறதா பாருங்கள். நொண்டியாவது நடந்தால் இறுக்கமாகக் கட்டி, தடி ஊன்றி மெதுவாக இறங்கலாம். முடியாவிட்டாலோ, கணுக்கால் எலும்புப் புடைப்பின் பின்விளிம்பை அழுத்தும்போது எலும்பிலேயே வலித்தாலோ, முறிவு என்றே வைத்துக்கொள்ளுங்கள். பாதம் வெளிறி, மரத்து, சில்லிட்டிருந்தால் ரத்த ஓட்டம் தடைபட்டிருக்கலாம், உடனே அழையுங்கள். கால்விரல் நகத்தை அழுத்தி விட்டால் 2 விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். குளிரில் இது தாமதமாகும், அதனால் மற்றக் காலோடு ஒப்பிடுங்கள்.

பதில் 2:
காலை மட்டும் பார்க்காதீர்கள். தலையில் அடிபட்டு, திரும்பத் திரும்ப வாந்தியோ குழப்பமோ இருந்தால், நடக்க முடிந்தாலும் அழைக்க வேண்டும். 10 நிமிடம் விடாமல் அழுத்தியும் ரத்தம் நிற்காவிட்டாலும் அப்படியே. கழுத்து, முதுகெலும்பு வலி என்றால் ஆளை அசைக்கவே வேண்டாம்.

பதில் 3:
இருட்டும்வரை யோசித்துக்கொண்டிருப்பதுதான் பெரிய தவறு. அழைத்ததும் முதலில் இருப்பிடத்தைச் சொல்லுங்கள். இணைப்பு எப்போது வேண்டுமானாலும் அறுந்துபோகும். சிக்னல் இல்லையா? ஆல்ப்ஸ் மலை முறைப்படி நிமிடத்துக்கு 6 விசில், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடியும் 6. அடிபட்டவருக்கு அடியில் பையையாவது விரியுங்கள், ஈரத் தரை உடல் சூட்டை வேகமாக இழுத்துவிடும்.