தகவல் இருக்கிறது, வாதம் வரவில்லை: கட்டுரை எழுத உதவி தேவை

மதுரையில் இளங்கலை வரலாறு இரண்டாம் ஆண்டு, தமிழ் வழியில் படிக்கிறேன். தகவல் சேர்ப்பதில் சிக்கல் இல்லை. எழுத உட்கார்ந்தால் கட்டுரை வெறும் குறிப்புகளின் அடுக்காகிவிடுகிறது. கடைசியாக எழுதியது 1806 வேலூர்ப் புரட்சி பற்றி. புதிய தலைப்பாகை, காதணிக்கும் சாதிக்குறிக்கும் தடை, கோட்டையில் இருந்த திப்புவின் குடும்பம் என்று காரணங்கள் எல்லாம் உண்டு. எது முதன்மையானது என்று மட்டும் சொல்லவே இல்லை. "சரி, வாதம் எங்கே?" என்று ஆசிரியர் ஓரத்தில் எழுதியிருந்தார். நியாயமான கேள்விதான்.

முன்கூட்டியே சட்டகம் போட்டுப் பார்த்தேன். உரக்கப் படித்துத் திருத்தினேன். வாக்கியம் தெளிந்தது, அவ்வளவுதான். அப்புறம் செயலியில் கொடுத்தேன், என் நடையே காணாமல் போனது. அடுத்த கட்டுரைக்கு இந்த மாதக் கடைசிதான் கெடு.

பல காரணங்களில் ஒன்றை மையமாக்கி மற்றவற்றை அதனோடு இணைத்து எழுத நீங்கள் எப்படிப் பழகினீர்கள்?