படக்கதையைப் பிள்ளைகள் தங்களோடு இணைத்துப் பார்க்கப் பழக்குவது: "எங்க வீட்டுலயும் நாய் இருக்கு" என்பதைத் தாண்டி எப்படிப் போவது?

கதைநேரம் (கேள்வி)

வணக்கம். 5 முதல் 7 வயது வரை உள்ள பிள்ளைகள் 15 பேர். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் 20 நிமிடம் படக்கதை வாசிப்பு. கதையில் நடப்பதைத் தங்கள் வாழ்க்கையோடு பொருத்திப் பார்க்க அவர்களைப் பழக்க வேண்டும். இரண்டு பக்கத்துக்கு ஒருமுறை நிறுத்தி "உங்களுக்கும் இப்படி நடந்திருக்கா?" என்று கேட்கும் முறைதான் இப்போது.

எல்லோரும் ஒரே குரலில் "ஆமா" என்கிறார்கள். ஒருவர் "எங்க வீட்டுலயும் நாய் இருக்கு" என்று தொடங்கினால் நாய், பூனை, மாமா வீட்டு மீன்தொட்டி என்று சங்கிலி நீள்கிறது. திரும்பி வரும்போது கதை எங்கே நின்றது என்று யாருக்கும் நினைவில்லை. இரண்டு மூன்று பேர் வாயே திறப்பதில்லை.

எங்கே நிறுத்துவது, என்ன கேட்பது, சம்பந்தமில்லாத பதில் வந்தால் பிள்ளையின் முகம் வாடாமல் எப்படித் திருப்புவது? இன்னும் சரளமாக எழுத வராதவர்களுக்கு, தோன்றுவதைக் குறித்துப் பக்கத்தில் ஒட்ட ஒட்டுத்தாள் (ஸ்டிக்கி நோட்) கொடுப்பதில் பயன் உண்டா?

---

பலகைச்சித்திரம்

முதலில் அந்தக் கேள்வியைக் கைவிடுங்கள். "உங்களுக்கும் நடந்திருக்கா?" என்றால் ஆமா, இல்லை என இரண்டே பதில். கேட்பவர் விரும்புவது "ஆமா" என்று 5 வயதுப் பிள்ளைக்கு நன்றாகவே தெரியும். நடக்காததையும் நடந்ததாகச் சொல்லும். பொய் சொல்ல நினைத்தல்ல, உங்களோடு ஒத்துப்போவதற்காக.

நிறுத்தும் இடங்களும் அதிகம். படக்கதைப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கம். அதில் இரண்டு நிறுத்தம் போதும், மூன்றுக்கு மேல் வேண்டாம். வாசிப்பதற்கு முன்பே அந்தப் பக்கங்களில் சிறு துண்டுத்தாள் ஒட்டி, கேட்கப்போகும் கேள்வியை அதிலேயே எழுதிவிடுங்கள். அந்த நேரத்தில் யோசித்துக் கேட்கும் கேள்வி எப்படியும் "உனக்கும் இருக்கா?" என்றுதான் முடியும்.

எந்தப் பக்கம் என்பதுதான் முக்கியம். பொருள்கள் வரும் பக்கத்தில் நிறுத்தினால் பொருள்கள்தான் பதிலாக வரும். மனசு மாறும் பக்கத்தில் நிறுத்துங்கள். ஒரு கதையில் தம்பி அக்காவின் பொம்மையை உடைத்துவிட்டு, துண்டுகளைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். உடைக்கும் பக்கத்தில் நிறுத்தினால் உடைந்த பொருள்களின் பட்டியல் கிடைக்கும். ஒளிக்கும் பக்கத்தில் நிறுத்தி, "இப்போ இவன் வயித்துக்குள்ள எப்படி இருக்கும்? அது எப்படி உனக்குத் தெரியும்?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லப் பிள்ளை தன் அனுபவத்துக்குள் போய்த்தான் ஆக வேண்டும். "எங்க அக்கா கூப்பிட்டப்ப நானும் கதவுக்குப் பின்னாடி நின்னேன்" என்று தானாக வரும்.

பிள்ளைகளிடம் கேட்பதற்கு முன் நீங்கள் செய்து காட்ட வேண்டும். மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்வது. அதில் மூன்று பகுதி உண்டு: படத்தில் எதைப் பார்த்தேன், எனக்கு என்ன நினைவு வந்தது, அதனால் கதையில் எனக்கு என்ன புரிகிறது. மொத்தம் அரை நிமிடம். பலர் இரண்டாவது பகுதியோடு நிறுத்திவிடுகிறார்கள். நீங்கள் சொல்லும் சங்கிலி அங்கேதான் பிறக்கிறது. நினைவு வந்தாலே வேலை முடிந்தது என்று பிள்ளைகள் புரிந்துகொள்கிறார்கள். மூன்றாவது பகுதி "அதனால" என்ற சொல்லோடு தொடங்கட்டும், ஒவ்வொரு முறையும்.

உதவாத இணைப்பையும் செய்து காட்டுங்கள். "இவன் சட்டை நீலம், என் சட்டையும் நீலம். ஆனா இவன் ஏன் ஒளிக்கிறான்னு இதனால எனக்குத் தெரியலையே." இதற்கு உங்கள் சொந்த உதாரணத்தை மட்டுமே எடுங்கள். ஒரு பிள்ளை சொன்ன பதிலை இப்படிப் பிரித்துக் காட்டினால் அந்தப் பிள்ளை அடுத்த மாதம் வரை பேசாது.

முதல் இரண்டு மூன்று புத்தகங்களில் நீங்கள் மட்டும் செய்யுங்கள். பிறகு சேர்ந்து, பிறகு ஜோடியாக, கடைசியில் தனியாக. பொறுப்பைப் படிப்படியாகக் கைமாற்றும் இந்த முறையை வாசிப்புக் கல்வி ஆய்வாளர்கள் பியர்சனும் கல்லகரும் 1983இல் விளக்கினார்கள். அவசரப்பட்டு மூன்றாம் படிக்குத் தாவுவதால்தான் பெரும்பாலான வகுப்புகளில் இது சொதப்புகிறது.

எல்லின் கீன், சூசன் ஜிம்மர்மன் இருவரும் 1997இல் எழுதிய நூல் வழியாகப் பரவிய ஒரு பிரிப்பு உண்டு: கதையும் நானும், கதையும் இன்னொரு கதையும், கதையும் உலகமும். உங்கள் திட்டக் குறிப்புக்கு அது நல்லது. 5 வயதுப் பிள்ளையிடம் "இது எந்த வகை?" என்று கேட்பது வீண் வேலை. வகை சொல்வதிலேயே நேரம் போய்விடும்.

கடைசியாக ஒன்று. முதல் வாசிப்பில் நிறுத்தவே வேண்டாம். அடுத்து என்ன நடக்கும் என்பதிலேயே கவனம் முழுவதும் இருக்கும். மறுநாள் அதே புத்தகத்தைத் திரும்ப வாசிக்கும்போது நிறுத்துங்கள்.

---

பக்கம்_புரட்டி

மேல சொன்னதுல பெரும்பாலும் உடன்பாடு, கடைசிப் பாயின்ட் தவிர. 5 வயசுப் பசங்க முதல் வாசிப்புலயே தானா ஏதாவது சொல்லுவாங்க. அதை "நாளைக்குச் சொல்லு"ன்னு அடக்கினா நாளைக்கு அது இருக்காது. முதல் நாள் நீங்களா நிறுத்தாதீங்க, தானா வர்றதை ஒரு தலையசைப்போட வாங்கிக்கிட்டு மேல போங்க. அது போதும்.

சங்கிலிக்கு வர்றேன். கை தூக்கச் சொல்றதாலதான் பாதி பிரச்சினை. ஒருத்தர் பேசும்போது மத்த 14 பேரும் தன் முறைக்காகக் காத்திருக்காங்களே தவிர கேட்கல. கைக்குப் பதிலா கட்டைவிரலை நெஞ்சு மேல வைக்கச் சொல்லுங்க. "எனக்கு ஒண்ணு தோணிடுச்சு"ன்னு அர்த்தம். எல்லார் தலையும் ஓடுதான்னு உங்களுக்குத் தெரியும், யாரும் கத்த மாட்டாங்க. பெரும்பாலான விரல் வந்ததும் ஜோடியா திரும்பிப் பேசச் சொல்லுங்க, ஒரு நிமிஷம் தாண்ட வேண்டாம். 15 பேர்னா ஆறு ஜோடி, ஒரு மூவர். ஜோடியை முன்னாடியே முடிவு பண்ணிடுங்க, இல்லன்னா ஜோடி தேடவே அந்த ஒரு நிமிஷம் போயிடும். பேசும்போது நீங்க நடுவுல நடந்து காது கொடுங்க. அப்புறம் எல்லார் கிட்டயும் கேட்காதீங்க. "இவங்க ரெண்டு பேர் பேசினதைக் கேட்டேன், சொல்லட்டுமா?"ன்னு அனுமதி வாங்கி ஒண்ணு ரெண்டு மட்டும் சொல்லிட்டுப் பக்கத்தைப் புரட்டுங்க.

கேள்வி கேட்டதும் காத்திருக்கணும். மேரி பட் ரோங்கிற கல்வி ஆய்வாளர் 1970கள்ல அறிவியல் வகுப்புகளைப் பதிவு பண்ணிப் பார்த்தப்ப, ஆசிரியர்கள் கேள்விக்கு அப்புறம் சராசரியா ஒரு விநாடி அளவுதான் பொறுக்கிறாங்கன்னு தெரிஞ்சது. அதை மூணு விநாடியா நீட்டினப்ப பதில்கள் நீளமாச்சு, பேசாத பசங்களும் பேசினாங்க. சின்னப் பசங்களுக்கு மனசுக்குள்ள அஞ்சு வரைக்கும் எண்ணுங்க. அந்த மௌனம் உங்களுக்குத்தான் சங்கடம், அவங்களுக்கு இல்ல.

நாய்ப் பதிலைத் திருப்பற வழி: மறுக்காதீங்க, அதையே வேலைக்கு வைங்க. "சரி, உன் நாயை மனசுல வெச்சுக்கிட்டு இந்த நாயைப் பாரு. இது வாலை எங்க வெச்சிருக்கு? உன் நாய் எப்போ இப்படி வைக்கும்?" இப்ப அந்தப் பிள்ளைதான் நிபுணர், ஆனா கண்ணு புத்தகத்துல.

இன்னொரு ஆபத்தைப் பத்தி யாரும் அதிகம் பேசறதில்ல. இணைப்பே தப்பான புரிதலுக்கு இழுத்துட்டுப் போகும். வீட்டுல விளையாட்டு நாய் இருக்கிற பிள்ளை, படத்துல பயந்து பல்லைக் காட்டற நாயைப் பார்த்து "அது சிரிக்குது"ன்னு சொல்லும். தன் அனுபவம் படத்தை மறைச்சிடுது. அதனால "உனக்கு என்ன தோணுது"க்கு அடுத்த கேள்வி எப்பவுமே "படத்துல எங்க தெரியுது, தொட்டுக் காட்டு".

பேசாத பசங்க எல்லாரும் கூச்சக்காரங்கன்னு முடிவு பண்ணிடாதீங்க. அந்தப் புத்தகத்துல அவங்க வாழ்க்கை எதுவுமே இல்லாம இருக்கலாம். சிறுவர் இலக்கிய ஆய்வாளர் ரூடின் சிம்ஸ் பிஷப் 1990ல எழுதின கட்டுரையில புத்தகங்களைக் கண்ணாடி, ஜன்னல்னு சொன்னாங்க: சிலதுல நம்மைப் பார்க்கிறோம், சிலது வழியா வேற ஒருத்தர் வாழ்க்கையைப் பார்க்கிறோம். சில பசங்களுக்கு உங்க அலமாரி முழுக்க ஜன்னலாவே இருக்கான்னு ஒருதடவை எடுத்து அடுக்கிப் பாருங்க. "எனக்கு இப்படி இல்ல"ங்கிறதும் நல்ல பதில்தான்னு வெளிப்படையா சொல்லணும். "எனக்கு இப்படி இல்ல, ஆனா..."ன்னு தொடங்கற வாக்கியத்தையும் செஞ்சு காட்டுங்க.

வாக்கியச் சட்டகத்தைச் சுவத்துல ஒட்டி வைக்கறதுல எனக்கு நம்பிக்கை குறைவு. "இது எனக்கு நினைவுபடுத்துவது..."ன்னு எழுதி வெச்சா ரெண்டு வாரத்துல மனப்பாடப் பாட்டு ஆயிடும். ஆரம்பத்துக்கு மட்டும் வைங்க, அப்புறம் எடுத்துடுங்க.

---

கதைநேரம்

மிக்க நன்றி. இரண்டு துணைக் கேள்விகள். பிரிவு, இறப்பு, வீட்டுச் சண்டை வரும் கதைகளில் இதே முறையா? வீட்டில் 3 வயதுக் குழந்தை ஒன்றோடு வாசிக்கும் பெற்றோருக்கு எதைச் சொல்லலாம்?

---

ஓரக்குறிப்பு

பாரமான கதைகளில் பிள்ளையைப் பற்றிக் கேட்காதீர்கள், பாத்திரத்தைப் பற்றி மட்டும் கேளுங்கள். "உன் வீட்டில் யாராவது இறந்தார்களா?" என்பது வகுப்பு முன் கேட்கும் கேள்வியே அல்ல. "இவளுக்கு இப்போ பக்கத்துல யார் இருந்தா நல்லா இருக்கும்?" என்றால் சொல்ல விரும்பும் பிள்ளை சொல்லும், விரும்பாத பிள்ளை கதைக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். "பாஸ்" (நான் சொல்லல, அடுத்தவர் சொல்லட்டும்) என்று சொல்லும் உரிமை எல்லா நாளும் இருக்க வேண்டும். பாரமான நாளில் மட்டும் கொடுத்தால் பாஸ் சொல்பவரை எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். "அம்மா என்ன சொல்வாங்க" என்பதற்குப் பதில் "வீட்டுல உன்னைப் பார்த்துக்கிறவங்க" என்று கேட்கப் பழகுங்கள்.

எதிர்பாராமல் ஒரு பிள்ளை வலியான விஷயத்தைச் சொல்லிவிட்டால், "சொன்னதுக்கு நன்றி, அது கஷ்டமா இருந்திருக்கும், நாம அப்புறம் பேசலாம்" என்று ஒரு வரி. அன்றைக்கே தனியாகப் போய்ப் பேசுங்கள். பிள்ளையின் பாதுகாப்பு சம்பந்தப்பட்டதாக இருந்தால் "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காமல், உங்கள் நிறுவனத்தில் அதற்குப் பொறுப்பானவரிடம் சொல்லியாக வேண்டும். அன்று வரைந்த படங்களைச் சுவரில் மாட்டாதீர்கள்.

3 வயதுக்கு: உளவியலாளர் குரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988இல் வெளியிட்ட உரையாடல் வாசிப்பு முறையிலிருந்து (பெரியவர் கேள்வி கேட்டு, பிள்ளையையே கதை சொல்லவைப்பது) வளர்ந்த ஐந்து வகைக் கேள்விகளில் ஒன்று, கதையைப் புத்தகத்துக்கு வெளியே, பிள்ளையின் வாழ்க்கைக்குக் கொண்டுபோவது. அதை முதல் வாசிப்பில் தொடங்க வேண்டாம். "இது என்ன, என்ன செய்யுது" என்ற கேள்விகளுக்குப் பிள்ளை பழகிய பிறகு, நான்காவது ஐந்தாவது வாசிப்பில் கேட்கலாம். அந்த வயதில் நினைவைத் தனியாகத் தோண்டி எடுக்க முடியாது. பெற்றோர் உடன் இருந்த, அண்மையில் நடந்த ஒன்றாக இருக்க வேண்டும்: "நேத்து நாமளும் மழையில மாட்டிக்கிட்டோமே, நீ எங்க ஒதுங்கின?" பிள்ளை "கடை" என்றால், "ஆமா, கடை வாசல்ல ஒதுங்கினோம்" என்று ஒன்றிரண்டு சொல் கூட்டித் திருப்பிச் சொல்லி, பிள்ளையையும் சொல்லவைக்கலாம். ஒரு வாசிப்புக்கு இப்படி ஒரே ஒரு கேள்வி.

ஒட்டுத்தாள் பற்றி யாரும் பதில் சொல்லவில்லை. எழுத வராதவர்களுக்கு அது பெரும்பாலும் ஒட்டி விளையாடத்தான் ஆகும். வாசிக்கும் முன் கையில் கொடுத்தால் கவனம் முழுவதும் தாளில். அதற்குப் பதில் ஒரு தாளை இரண்டாக மடியுங்கள். வாசிப்பு முடிந்த பிறகு இடப்பக்கம் கதையின் ஒரு இடம், வலப்பக்கம் தன் வாழ்க்கையிலிருந்து ஒரு இடம். வரைய 10 நிமிடம். கீழே ஒரு கோடு போட்டு "அதனால்" என்று அச்சடித்து வைத்திருங்கள்; பிள்ளை சொல்வதைச் சொன்னபடியே நீங்கள் எழுதுங்கள், திருத்தாமல். 15 பேருக்கும் ஒரே நாளில் எழுத நேரம் இருக்காது. நாளுக்கு ஐந்து பேர் என்று பிரித்தால் மூன்று நாளில் எல்லோரும் முடிவார்கள்.

7 வயதை நெருங்கி, சொந்தமாக எழுதுபவர்களுக்கு ஒட்டுத்தாள் கொடுக்கலாம், ஒரு புத்தகத்துக்கு ஒன்று மட்டும். பத்துத் தாள் கொடுத்தால் பத்து நாய்.

தாள்களைத் தேதி போட்டுச் சேர்த்து வையுங்கள். மாத முடிவில் வலப்பக்கப் படத்தைப் பார்க்காதீர்கள், "அதனால்" வரியை மட்டும் வரிசையாக வாசியுங்கள். "அதனால் எனக்கும் பிடிக்கும்" என்பது "அதனால் அவன் அழல, ஆனா அழணும் போல இருக்கு" என்று மாறியிருந்தால் அந்தப் பிள்ளை அடுத்த படிக்குத் தயார். மாறாதவர்களோடு சிறு குழுவாக உட்கார்ந்து, செய்து காட்டுவதிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.