படுக்கைப் புண்ணில் எலும்பு தெரிந்தால், எலும்பிலும் தொற்று என்று கொள்ளலாமா?

கேள்வி

வணக்கம். தண்டுவடக் காயத்தால் இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் போன என் தந்தை ஏழு வாரங்களாக மருத்துவமனையில் இருக்கிறார். வால் எலும்புக்குச் சற்று மேலே உண்டான படுக்கைப் புண் நான்காம் நிலையை எட்டிவிட்டது; கட்டுப் பிரித்தபோது அடியில் எலும்பு தெரிவதை நானே பார்த்தேன். காய்ச்சல் இல்லை. புண்ணின் மேற்பரப்பைப் பஞ்சுக்குச்சியால் ஒற்றி எடுத்துச் செய்த கல்ச்சர் பரிசோதனையில் மூன்று வகைக் கிருமிகள் வளர்ந்துள்ளன. எலும்புக்கும் தொற்று பரவியிருக்கலாம் என்பதால் ஆறு வாரங்களுக்கு ஊசி வழியாக ஆன்டிபயாடிக் தர வேண்டும் என்கிறார் ஒரு மருத்துவர். இப்போதைக்கு வேண்டாம் என்கிறார் மற்றொருவர். இருவருமே அக்கறையுடன் பார்ப்பவர்கள், அதனால்தான் குழப்பம் கூடுகிறது. அவர்களிடம் நான் என்ன கேட்க வேண்டும்?

மறுமொழி: தொற்றுநோய் சிகிச்சை மருத்துவர்

உங்கள் தந்தையை நேரில் பார்க்காமல் மருந்து வேண்டும், வேண்டாம் என்று சொல்வது முறையாகாது. கருத்து வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் விளக்குகிறேன்.

எலும்பு கண்ணுக்குத் தெரிவது ஒன்று, எலும்புக்குள் தொற்று இருப்பது வேறொன்று. திறந்து கிடக்கும் எந்தப் புண்ணிலும் கிருமிகள் குடியேறிவிடும். மேலே ஒற்றி எடுத்த மாதிரியில் வளர்வன பெரும்பாலும் அவைதாம். அந்த முடிவை வைத்துக்கொண்டு எலும்புத் தொற்றுக்கு மருந்து தேர்ந்தெடுப்பது, வாசலில் நிற்பவரைப் பார்த்து வீட்டுக்குள் இருப்பவர் யார் என்று சொல்வதைப் போன்றது. உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் இரத்தப் பரிசோதனைகளான ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ஆகியவை புண்ணாலேயே உயர்ந்திருக்கலாம். எக்ஸ்ரேயில் மாற்றம் தெரிய இரண்டு வாரங்களோ அதற்கு மேலோ ஆகும். எம்.ஆர்.ஐ. நுட்பமானதுதான், என்றாலும் நீண்ட நாள் அழுத்தத்தாலேயே எலும்பு மஜ்ஜையில் நீர் கோத்துக்கொண்டு தொற்றைப் போலத் தோற்றம் தரக்கூடும் என்பதால், அதன் அறிக்கையையும் தனியே நம்பிவிட முடியாது. ஐயத்தை நீக்குவது எலும்புத் துண்டுதான். அறுவை அரங்கில் அழுகிய திசுவை அகற்றும்போதே எலும்பிலிருந்து சிறு பகுதியை எடுத்து, ஒரு பங்கைக் கல்ச்சருக்கும் மறு பங்கைத் திசு ஆய்வுக்கும் அனுப்ப வேண்டும்.

காய்ச்சல், இரத்த அழுத்தம் சரிதல், சீழ், புண்ணைச் சுற்றிப் பரவும் வெப்பமும் சிவப்பும் ஆகியவை இருந்தால் இதற்கெல்லாம் காத்திருக்கக் கூடாது. உடனே மருந்து தொடங்க வேண்டும். அவை இல்லாத நிலையில், நீங்கள் முதலில் கேட்க வேண்டியது மருந்தைப் பற்றி அல்ல, புண்ணை மூடுவதற்கான திட்டத்தைப் பற்றி. கெட்டுப்போன எலும்பை அகற்றி, அருகிலுள்ள தசையையோ தோலையோ நகர்த்தி மூடும் ஃப்ளாப் அறுவை சிகிச்சை செய்வதாக இருந்தால், அதையொட்டி அதிகபட்சம் ஆறு வாரம் வரை ஆன்டிபயாடிக் தருவதற்குப் பொருள் உண்டு. மூடும் எண்ணமே இல்லாமல் மருந்தை மட்டும் நீட்டித்தால், திறந்த எலும்பில் கிருமிகள் மீண்டும் வந்து சேரும். அடுத்த முறை வருபவை மருந்துக்குக் கட்டுப்படாதவையாக இருக்கவும் கூடும். தொடர் வயிற்றுப்போக்கு, சிறுநீரகப் பாதிப்பு போன்ற விலையை நோயாளிதான் கொடுக்கிறார்.

மறுமொழி: காயப் பராமரிப்புச் செவிலியர்

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அழுத்தம் நீங்காத இடத்தில் அறுவை சிகிச்சையும் நிலைக்காது. காற்றுப் படுக்கை போட்டுவிட்டதால் திருப்ப வேண்டியதில்லை என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. புண்ணின் மேல் எடை விழாதபடி, ஏறத்தாழ 30 பாகை சாய்வில் இடமும் வலமுமாக மாற்றிப் படுக்க வையுங்கள். தலைப்பக்கத்தை 30 பாகைக்கு மேல் உயர்த்தினால் உடல் கீழே சறுக்கும். அந்த உராய்வும் இழுவையும் உள்ளே இருக்கும் திசுவைக் கிழிக்கும். குதிகால்கள் படுக்கையைத் தொடாமல் இருக்க வேண்டும். வளையத் தலையணை வேண்டாம், அதன் விளிம்பே இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். சிவந்த இடத்தைத் தேய்த்துவிடவும் கூடாது.

புரதம் ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 1.25 முதல் 1.5 கிராம் வரை தேவைப்படும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 75 முதல் 90 கிராம். சிறுநீரக நோய் இருந்தால் இந்த அளவு மாறும், உணவியல் நிபுணரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த இடத்துப் புண்ணில் மலம் படுவதைத் தடுப்பதற்கும் ஒரு வழி கேளுங்கள். யாரும் பேசத் தயங்குவதால் விடுபட்டுப்போகும் விஷயம் அது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. இன்று காலை புண்ணை மூடும் திட்டத்தைப் பற்றிக் கேட்டேன். பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர் வெள்ளிக்கிழமை அழுகிய திசுவை அகற்றி எலும்புத் துண்டும் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஃப்ளாப் பற்றி அதன் பிறகே முடிவு செய்வார்களாம். சிறுநீர்த் தொற்றுக்காக அப்பாவுக்கு மூன்று நாட்களாக ஓர் ஆன்டிபயாடிக் போகிறது. இது முக்கியமா?

மறுமொழி: தொற்றுநோய் சிகிச்சை மருத்துவர்

மிகவும் முக்கியம். எலும்பில் கிருமி இருந்தும் கல்ச்சரில் எதுவும் வளராமல் போக அந்த மருந்து காரணமாகலாம். சிறுநீர்த் தொற்றுக்கான மருந்தை முடித்துவிட்டுச் சில நாள் இடைவெளி விட்டு எலும்பை எடுக்க முடியுமா என்று இன்றே கேளுங்கள். தள்ளிப்போட முடியாது என்றால், எந்த மருந்து எந்தத் தேதியிலிருந்து தரப்படுகிறது என்பதை ஆய்வகத்துக்கான படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். நீங்களாக மருந்தை நிறுத்த வேண்டாம்.